எடுத்துக் கொடுத்தவள்

ஆகஸ்ட் 4

முணுமுணுவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், அதற்கான ஆதாரத்தை இன்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

தனிமொழிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை நாடக டீச்சர் இன்று காலையில் பலகையில் ஒட்டினார். எல்லாப் பள்ளிகளும் அதில் இருக்கின்றன. பத்தொன்பதாவது வரியில் உன் பெயர். ஊர் மாறிப் போன அத்தை மகள் புதிதாக ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அரை நிமிடம் இருந்திருக்கும். பக்கத்துக் கட்டத்தில் நீ பேசப்போகும் பேச்சின் பெயர் போட்டிருந்தது. கோட்டைக் கதவிடம் அரசி.

அது என் பேச்சுடி. மூன்று வருடமாக நான் பேசுகிற பேச்சு. எதிரிப் படை நெருங்குகிறது என்று அரசி கோட்டைக் கதவைத் தாழிட்டுவிடுகிறாள், வெளியே மாட்டிக்கொண்டது சொந்தத் தம்பி. அவள் கதவைப் பார்த்து எட்டு நிமிடம் பேசுகிறாள். அந்த எட்டு நிமிடத்துக்காக எங்கள் மொட்டைமாடி அறையில், மைக் என்று நீ பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு, நான் தொண்டை கிழியக் கத்தியபோது நீ என்ன செய்தாய்? நாற்காலியில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு, நான் திணறினால் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாய். அதுதான் உன் வேலை. எடுத்துக் கொடுத்தவள் இப்போது எடுத்துக்கொண்டே போய்விட்டாள்.

பழைய நாடகங்களில் வேறு ஆளே இல்லையா? பதவி போன மந்திரி இருக்கிறார். பைத்தியம் பிடித்த படகோட்டி இருக்கிறான். அவர்களில் யாரையாவது எடு. மாத முடிவுவரை மாற்றிக்கொள்ளலாம் என்று விதித்தாளில் இருக்கிறது, நானே படித்துப் பார்த்தேன்.

பரீட்சை முடியும்வரை போனை அம்மா பீரோவில் பூட்டி வைத்துவிட்டாள். பூட்டாவிட்டாலும் உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

மைக்


ஆகஸ்ட் 11

அன்புள்ள மைக்,

உன் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரித்தாள். ஆஸ்பத்திரி லேப்பில் நாள் முழுக்க மற்றவர்கள் ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்தவள், கதவருகில் நின்றபடியே படித்தாள். "என் அண்ணன் பொண்ணுக்குக் கையெழுத்து நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள். உன் அத்தைக்கு உன்மேல் என்றைக்குமே கோபம் வராது. அந்த வேலை என் தலையில் விழுகிறது.

மாற்ற முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. உனக்குப் பொறுமை கிடையாது என்பது தெரியும், இருந்தாலும்.

இங்கே சேர்ந்த முதல் வாரம் தமிழ் ஐயா, "பழைய நாடகத்துல ஏதாவது தெரியுமா?" என்று வகுப்பில் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போது என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு சொல் பிசகவில்லை. எனக்கே பயமாக இருந்தது. வேறு எந்தப் பேச்சும் எனக்குத் தெரியாது மைக். மூன்று வருடம் உன் எதிரில் உட்கார்ந்ததில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை அதை நின்றுகொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். இது நமக்குப் பள்ளியில் கடைசி வருடம்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். போன வருட இறுதிப் போட்டியில் நாலாவது நிமிடத்தில் நீ நின்றாய். நான் எடுத்துக் கொடுத்தேன். விதிப்படி உனக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று, ஒரு மதிப்பெண்ணில் பரிசு போயிற்று. நீ டீச்சரிடம் என்ன சொன்னாய்? "நான் மறக்கலை டீச்சர், வேணும்னுதான் நிறுத்தினேன். இவதான் அவசரப்பட்டுட்டா." டீச்சர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டு மாதத்தில் நாங்கள் ஊர் மாறினோம். வழியனுப்ப மாமா வந்தார், நீ வரவில்லை.

முணுமுணு

பி.கு. நான் உன்னைவிடப் பதினொரு நாள் மூத்தவள். டி போடுவதைக் குறைத்துக்கொள்.


ஆகஸ்ட் 16

முணுமுணு,

பதினொரு நாளுக்கெல்லாம் அக்கா என்று கூப்பிட முடியாதுடி.

போன வருடம் நான் மறக்கவில்லை. அது இடைவெளி. தம்பி வெளியே நிற்கிறான் என்ற நினைப்பில் அரசிக்குப் பேச்சு வரவில்லை, அதனால் நிறுத்தினேன். அதற்குள் நீ முன்வரிசையிலிருந்து கொசு மாதிரி ஙொய் என்று ஆரம்பித்துவிட்டாய். இதை எத்தனை தடவைதான் சொல்வது. வழியனுப்ப வராததற்குக் காரணம் எனக்கு அன்றைக்குத் தலைவலி.

நீ போனதிலிருந்து எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் நான் படும் பாடு உனக்கு எப்படித் தெரியும்? டீச்சர் பத்தாம் வகுப்பிலிருந்து ஒருத்தியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள். நல்ல பெண்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் தாளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று நான் நின்றபோது அவள் கண்ணில் தண்ணீர். "அடுத்த வரி என்ன?" என்றேன். "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

உன்னிடம் இருக்கும் தாளை அனுப்பு. ஓரத்தில் பென்சிலால் குறி போட்டிருப்பாயே, அந்தத் தாள். அது என் பேச்சுக்குப் போட்ட குறி, என் உடைமை.

மைக்


ஆகஸ்ட் 30

மைக்,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலாக மடித்ததற்கு மன்னித்துக்கொள், சின்ன உறைதான் கிடைத்தது. எனக்கு அது தேவைப்படாது.

அனுப்புவதற்கு முன் உட்கார்ந்து பார்த்தேன். நீ நின்ற இடத்தில் எல்லாம் தேதி போட்டு ஒரு கோடு இழுத்திருக்கிறேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கோடு. அதில் தொண்ணூற்று நாலு ஒரே வரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்த வரி என்று உனக்கே தெரியும். "கதவே, உன்மேல் எனக்கு ஏன் கோபம்? உன்னைத் தாழிட்டவள் நானே."

தொண்ணூற்று நாலு தடவையும் வேண்டுமென்றே விட்ட இடைவெளியா? கேட்கத்தான் கேட்கிறேன்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொன்னால் குதிப்பாய். அந்த வரி உன் வாயில் நிற்காததற்குக் காரணம் ஞாபகமறதி இல்லை. ஏழாவது படிக்கும்போது மாமாவின் ரசமட்டத்தை உடைத்தாயே, லிஃப்ட் வேலையில் மட்டம் பார்க்க வைத்திருந்த பெரியது. மாமா கேட்டார். "அது முன்னாடியே உடைஞ்சுதான் இருந்திச்சு" என்றாய். கண்ணாடித் துண்டு உன் காலடியில் கிடந்தது. நீ இதுவரை எதற்காவது, யாரிடமாவது, நான்தான் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பழக்கமே இல்லாத சொல் மேடையில் மட்டும் எப்படி வரும்?

சரி, விடு. கண்ணாடிக்காரியைத் திட்டாதே. அவளை உன் முகத்தைப் பார்க்காமல் உன் காலைப் பார்க்கச் சொல். மறக்கப் போகும்போது உன் வலது கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டும். அதைப் பார்த்துத்தான் நான் தயாராவேன். இது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

முணுமுணு


செப்டம்பர் 21

முணுமுணு,

உன் ஆராய்ச்சிக்கு நன்றி. மனோதத்துவ டாக்டருக்குப் படி, அத்தை சந்தோஷப்படுவாள்.

நேற்று முதல் சுற்று. தேறிவிட்டேன், ஆனால் தேறிய விதத்தை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. கண்ணாடிக்காரியிடம் என் காலைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். நான் கருப்புச் சப்பாத்து போட்டிருந்தேன். விதிப்படி எல்லோரும் கருப்பு உடை, கருப்புச் சப்பாத்து, அலங்காரம் கூடாது, ஒரு நாற்காலி மட்டும். சப்பாத்துக்குள் கட்டைவிரல் சுரண்டினால் யாருக்குத் தெரியும்? அதை யோசித்து எழுதியிருக்கக் கூடாதா நீ?

நாலாவது நிமிடம். நின்றேன். கண்ணாடிக்காரி சப்பாத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அப்பா பின்வரிசையில் இருந்து இருமுவது கேட்டது. கடைசியில் நடுவர் ஒருவர் பேனாவை மேசையில் வைத்த சத்தத்தில் வரி வந்துவிட்டது.

"அந்த மௌனம் பிரமாதம்" என்று அதே நடுவர் குறிப்பு எழுதியிருக்கிறார். பார்த்தாயா? தெரிந்தவர்களுக்கு அது இடைவெளி.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "அவ இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றார். நான் பேருந்தில் வேறு இருக்கைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உனக்கு என்ன ஆயிற்று? தோற்றிருந்தால் எழுத வேண்டாம்.

மைக்


அக்டோபர் 6

மைக்,

எழுதுகிறேன்.

நானும் தேறிவிட்டேன், மூன்றாவதாக. நடுவர்கள் நல்லதாகத்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு அதில் திருப்தி இல்லை. பதிவு செய்ததைத் தமிழ் ஐயா போட்டுக் காட்டினார். கேட்டதும் கூசிப்போய்விட்டேன். கைதூக்குவது நீ. 'தம்பி' என்னும்போது தொண்டையை இறுக்குவது நீ. மூச்சு வாங்குகிற இடம்கூட உன்னுடையது. வகுப்பில் எல்லோரும் நான் பிரமாதமாக நடிக்கிறேன் என்கிறார்கள், நான் உன்னைத்தான் நடித்துக்கொண்டிருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. உன்மேல் கோபம் கோபமாக வந்தது. நானூறு மைல் தள்ளி வந்தும் உன்னிடமிருந்து தப்ப முடியவில்லை.

அதனால் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு முதலிலிருந்து செய்கிறேன். என் அரசி கத்தமாட்டாள். கதவுக்கு மட்டும் கேட்கும்படி பேசுவாள். முணுமுணுப்பாள் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள்.

தமிழ் ஐயா எடுத்துக் கொடுக்க யாரை வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்றேன். எனக்கா மறக்கும்? நான் எத்தனை பேருக்கு, அதாவது ஒருத்திக்கு, எத்தனை தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முன்வரிசையில் எடுத்துக் கொடுப்பவருக்குப் போடும் நாற்காலி காலியாகவே இருக்கட்டும்.

இறுதிப் போட்டிக்கான விதித்தாள் உங்களுக்கும் வந்திருக்கும். ஒரே பேச்சை எடுத்தவர்கள் அடுத்தடுத்து வர வேண்டுமாம். சீட்டுக் குலுக்கியதில் நான் ஐந்தாவது, நீ ஆறாவது. அடுத்து வருகிறவர் முன்வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆகவே நீ என்னைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அதைப் பற்றி நினைக்கவே பிடிக்கவில்லை.

முணுமுணு


நவம்பர் 19

முணுமுணு,

வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. இனி மூன்றே விஷயம்தான். நான் முன்வரிசையில் உட்காருவேன், கண்ணை மூடிக்கொள்வேன். மேடையிலிருந்து என்னைப் பார்க்காதே. முடிந்ததும் வந்து பேசாதே.

அத்தை வந்தால் அத்தையிடம் மட்டும் பேசுவேன்.

பரிசு எனக்கு வேண்டும். உன்னிடம் சொல்வதில் என்ன இருக்கிறது, உனக்குத்தான் தெரியுமே. மூன்று வருடமாகக் கை நழுவிப் போகிற பரிசு. இந்தத் தடவையும் போனால் நான் இரண்டாம் இடத்துக்காரி என்றே பள்ளியை விட்டுப் போவேன்.

மைக்


டிசம்பர் 9

மைக்,

போட்டி முடிந்து இரண்டு நாள் ஆகிறது. இரண்டு நாளாக அம்மாவிடம்கூட ஒழுங்காகப் பேசவில்லை. உனக்கு எழுதித் தீர்த்தால்தான் அடங்கும்.

உன்னை யார் வாயைத் திறக்கச் சொன்னது?

கண்ணை மூடிக்கொள்வேன் என்று எழுதினாய். மூடவில்லை. முதல் வரியிலிருந்தே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், நானும் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. முணுமுணுத்தே முந்நூறு பேரைக் கட்டிப்போட்டேன், நீ ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அது உண்மை. பிறகு நாலாவது நிமிடம் வந்தது. "கதவே, உன்மேல் எனக்கு ஏன் கோபம்?" என்றேன். நின்றேன்.

இப்போது கவனமாகப் படி. நான் மறக்கவில்லை.

சிரிக்காதே. நீ போன வருடம் சொன்ன அதே வசனத்தை நான் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது, எழுதும்போதே உடம்பு கூசுகிறது. ஆனால் என் விஷயம் வேறு. வரி எனக்குத் தெரியும். தலைக்குள் தெளிவாக இருந்தது. நான் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டதே உன் மறதியோடு சேர்த்துத்தான். அந்த இடத்தில் அரசி நிற்பாள், கீழே இருந்து ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், அரசி தொடர்வாள். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டேனே, இது ஒன்றைக் கலைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இதுவும் பேச்சில் ஒரு பகுதி என்று என் புத்தி எடுத்துக்கொண்டிருக்கிறது. அரசியாக நின்றுகொண்டு, காலி நாற்காலியைப் பார்த்து, நான் எடுத்துக் கொடுப்பதற்காக நானே காத்திருந்தேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை இந்த உலகத்தில் வேறு யாராலாவது செய்ய முடியுமா?

இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். அதற்குள் நீ. அதுவும் முணுமுணுக்கத் தெரியுமா உனக்கு? கடைசி வரிசையில் இருந்த மாமாவுக்கே கேட்டதாம். "உன்னைத் தாழிட்டவள் நானே."

எனக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. நான் முடித்ததும் நடுவர் எழுந்து, "எடுத்துக் கொடுத்தது யார்? அந்த நாற்காலி காலியாத்தானே இருந்துது?" என்று கேட்டார். யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. முன்வரிசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முடிந்தது. போட்டியாளர் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தால் ஐந்து மதிப்பெண் போகும் என்று உனக்குத் தெரியும், விதித்தாளை நீதான் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவளாயிற்றே. ரசமட்டத்துக்கு வாய் திறக்கவில்லை, எனக்காக டீச்சரிடம் வாய் திறக்கவில்லை, அன்றைக்கு மட்டும் ஏன் எழுந்து நின்றாய்?

"நான்தான் சார்" என்றாய். எனக்கு அந்தக் குரல் யாருடையது என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை.

பிறகு மேடை ஏறினாய். நான் இறங்கிப் போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது அதில் உன் கண்ணாடிக்காரி தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாவது நிமிடத்தில் என் வாய் தயாராகிவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். நீ நிற்கவே இல்லை. அந்த வரியைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய். நான் அழுதுவிட்டேன். கோபத்தில்தான்.

எண்பத்தாறு எடுத்தாய், ஐந்து போய் எண்பத்தொன்று. எண்பத்து மூன்று எடுத்த ஒரு இரட்டைச் சடைக்காரி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் மந்திரி பேச்சை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். உன் கோப்பை, மைக். அது உன் கைக்கு வந்திருக்க வேண்டிய கோப்பை.

பேருந்து கிளம்பும்போது மாமா கை காட்டினார். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய். வந்தாய் அல்லவா, அது போதும்.

முணுமுணு


டிசம்பர் 15

முணுமுணு,

கத்தி முடித்தாயா? இப்போது என் முறை.

நீ மறந்துவிட்டாய். கலைத்துப் போட்டேன், காத்திருந்தேன் என்று பூசி மெழுகாதே. ஆனால் ஒன்று, இவ்வளவு நல்ல சமாதானம் போன வருடம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இரண்டு நாளாகப் பொறாமைப்படுகிறேன்.

ஏன் எடுத்துக் கொடுத்தேன் என்று கேட்கிறாய். நான் யோசித்துச் செய்யவில்லை. நீ நன்றாகப் பேசினாய். எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். என்னைவிட நன்றாகப் பேசினாய். நீ நின்றதும் கீழே இருந்து பார்த்தேன். மேலே நின்று நான் மறந்திருக்கிறேன், மறக்கிறவள் முகம் கீழே இருந்து எப்படித் தெரியும் என்று பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாதுடி. மூன்று வருடம் தினமும் அங்கே உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாய். அவசரப்பட்டுவிட்டாய் என்று உன்னை நான் சொன்னேன். அவசரப்படாமல் எப்படி இருப்பது?

வாய் தன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. நடுவர் கேட்டபோது உன்னைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாய், போன வருடம் டீச்சர் முன்னால் நின்ற அதே மாதிரி. எனக்குக் கால் தானாக எழுந்துவிட்டது. அவ்வளவுதான். பெரிய தியாகம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே, எனக்கு எரிச்சல் வரும். கோப்பையை நினைத்து நேற்றுக்கூட அழுதேன்.

நேற்று டீச்சர் அறைக்குப் போனேன். விடைத்தாள் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். "டீச்சர், போன வருஷம் அவ அவசரப்படலை. எனக்கு நிஜமாவே வரி மறந்துபோச்சு" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அது எனக்குத் தெரியும். நீ சொல்றியான்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்றார். ஒரு வருடமாகத் தெரியுமாம். தெரிந்துகொண்டே உன்னை அப்படிப் பார்த்தாராம். அவர் மேலும் எனக்குக் கோபம். வெளியே வந்து வராந்தாக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ரசமட்டத்தைப் பற்றியும் சொன்னேன். "எந்த ரசமட்டம்?" என்றார். இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்வதற்கு மனுஷனுக்கு ஞாபகமாவது இருக்க வேண்டாமா?

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். தொண்ணூற்று நாலு கோட்டுக்குக் கீழே புதிதாக ஒரு கோடு போட்டு டிசம்பர் 7 என்று எழுதியிருக்கிறேன். அது உன் கணக்கு, பத்திரமாக வைத்துக்கொள்.

சொல்ல வேண்டியதை இன்னும் உன்னிடம் சொல்லவில்லை. போன வருடம் மறந்தது நான்தான். பழியை உன்மேல் போட்டதும் நான்தான். வழியனுப்ப வராதது தலைவலியால் இல்லை, உன் முகத்தைப் பார்க்க முடியாததால்.

பதில் எழுது. அம்மா போனைக் கொடுத்துவிட்டாள், ஆனால் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் இதையெல்லாம் நான் எழுதவே இல்லை என்று சொல்லிவிடுவேன்.

மைக்